டீசல் குடித்த தெரு

வெயிலாம்பட்டி பங்க் தெருவில் முதன்முதலாக நகர்ந்தது வேலாயுத வாத்தியார் வீடுதான், அதுவும் பட்டப்பகலில், வாத்தியார் உள்ளே உட்கார்ந்து மோர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும்போதே, நிற்கிற பசுமாடு கால் மாற்றிக்கொள்கிற மாதிரி ஒரு அசைவு அசைந்து, ஒரு முழம் முன்னால் வந்து நின்றது. கை கழுவ வெளியே வந்தவர் பார்த்தால் தண்ணீர்த் தொட்டி பழைய இடத்திலேயே தங்கிவிட்டது. "இதென்னடா கூத்து" என்றார். பிறகு, ஒரு முழந்தானே என்று நடந்துபோய்க் கையைக் கழுவிவிட்டு வந்து, வழக்கம்போல ஒரு தூக்கம் போட்டார்.

அடுத்த வாரம் அரிசிக்கடை சொர்ணப்பன் வீடு, அதற்கடுத்து அவன் சகலை வீடு, பிறகு தையல்காரர் வீடு, பிறகு யார் வீடு எப்போது என்று யாரும் கேட்காத அளவுக்கு அது தெருவில் ஒரு நடப்பாகிப் போனது. சுவர்ச் சண்டையில் மூஞ்சியில் முழிக்காமல் இருந்த சொர்ணப்பனும் சகலையும் என்ன செய்வார்கள் பாவம், இரண்டு வீடும் நகர்ந்து நகர்ந்து அடுப்படி ஜன்னலுக்கு அடுப்படி ஜன்னலாக வந்து ஒட்டிக்கொண்டபின், பெண்கள் இருவரும் ஜன்னல் வழியாகக் குழம்பு மாற்றிக்கொள்ள ஆரம்பித்தார்கள், ஆண்கள் இருவரும் அந்தக் குழம்பை வாயை மூடிக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார்கள். கரண்டு ஆபீஸ் லைன்மேன் ஏணியோடு வந்து, "வயரைத் தாராளமா விட்டுட்டுப் போறேன், போற வீடு பாத்துப் போகட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். தையல்காரர் மகளைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு வீடு தானாகவே நாலு எட்டு முன்னால் வந்து வாசலை நீட்ட, மாப்பிள்ளை வீட்டார் குளிர்ந்துபோய், எதிர்கொண்டு அழைக்கிற வீட்டில் பெண் எடுக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று அங்கேயே தட்டை மாற்றினார்கள். சரிவில் நிற்கிற லாரிக்குச் சக்கரத்தடியில் கல் வைப்பதில்லையா, அதுபோல ராத்திரி படுக்கப்போகுமுன் எல்லோரும் வீட்டு மூலைக்கு மூலை அண்டைக்கல் வைத்தார்கள். கல்லைத் தள்ளிக்கொண்டு வீடு போனால், போகட்டும் கழுதை என்று விட்டார்கள்.

இதையெல்லாம் இடுப்பில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவள் தங்கப்பழம். தெருவின் தலைமாட்டில், மெயின்ரோட்டு மேட்டில் இருக்கிற பெட்ரோல் பங்க் அவளுடையது. அதற்கு முதுகு காட்டி நிற்கிற முதல் வீடும் அவளுடையது. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு ஒத்தையாளாக நின்று பங்க்கை நடத்தி, ஒரே மகள் பொன்மலரைக் கட்டிக்கொடுத்து, இப்போது தலைப்பிரசவத்துக்கு அவளைக் கூட்டி வந்து வைத்திருக்கிறாள். வாய் கொஞ்சம் நீளம்தான், ஆனால் அளவில் ஒரு பொட்டு குறைக்க மாட்டாள் என்று லாரிக்காரர்களே சொல்வார்கள்.

தினமும் விடிந்ததும் அவள் செய்கிற முதல் காரியம் ஒன்று உண்டு. பூமிக்குள் புதைத்திருக்கிற டீசல் டேங்க்கின் மூடியைத் திறந்து, எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிற நீளமான அளவுகம்பியைக் குழாய் வழியாக விடுவாள். மற்ற பங்க்குகளில் மெதுவாக இறக்கிப் பார்த்து எடுத்துவிடுவார்கள். இவள் அப்படியில்லை. மேலிருந்து தூக்கி டங்கென்று அடியில் போடுவாள், எடுத்து இன்னொரு டங், இன்னொரு டங். உள்ளே படுத்திருக்கிற லட்சுமியைத் தட்டி எழுப்பாமல் வியாபாரம் தொடங்கக் கூடாது என்று அவளுடைய அய்யா பங்க் திறந்த அன்று ஆரம்பித்தது அது, அய்யாவுக்குப் பிறகு மகள் கைக்கு வந்தது. அந்தச் சத்தத்தில்தான் தெரு எழுந்திருக்கும், பால் கறக்கும், கோலம் போடும், பிள்ளைகளை அடித்து எழுப்பும். கம்பியில் ஒரு விரற்கடை குறைவாகக் காட்டினால், இந்த ஊர் வெயில் எதைத்தான் விட்டுவைத்தது, ஆவியாகிப் போயிருக்கும் என்று தங்கப்பழம் கம்பியைத் துடைத்து வைத்துவிடுவாள்.

வீடு நகர்ந்ததற்காக யாரும் எங்கேயும் மனுப் போடவில்லை. தெரு நடுவிலிருந்த அடிபம்பில் டீசல் வாடை அடித்ததற்குத்தான் மனுப் போட்டார்கள். மனுவுக்குப் பதிலாக ஒரு ஜீப்பும், ஜீப்பிலிருந்து பர்வீன் என்கிற நிலத்தடி நீர் ஆபீசரும் வந்து இறங்கினார்கள். மண் துளைக்கிற கருவியை வைத்து அந்தப் பெண் தெருவில் அங்கங்கே துளை போட்டாள். வந்த மண்ணைக் கையில் வைத்து உதிர்த்து முகர்ந்து பார்த்தாள், குப்பியில் அடைத்தாள். துளைக்குள் கண்ணாடிக் குழாயை இறக்கித் தூக்கினால் கீழே தண்ணீர், மேலே தேன் நிறத்தில் டீசல் மிதந்தது. செம்மண் செம்மண்ணாக வந்த இடத்தையும் சாம்பல் பூத்து வந்த இடத்தையும் பிரித்து, நடுவே சுண்ணாம்புப் பொடியால் ஒரு கோடு இழுத்துக்கொண்டே போனாள். கோடு பங்க்கின் பின்சுவரில் புறப்பட்டு, சரிவில் இறங்கி, அகன்று, தெருவின் கால்மாட்டில் இருக்கிற நல்லதண்ணிக் கிணற்றுக்கு ஒரு வீட்டுத் தூரம் முன்னால் வந்து கூடி முடிந்தது. பார்த்தால், நகர்ந்த வீடு அத்தனையும் கோட்டுக்குள்ளே இருந்தது. கோட்டுக்கு வெளியே ஒரு கோழிக்கூடுகூட நகரவில்லை.

"இதுல என்ன அதிசயம்?" என்றார் முக்காண்டி. அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர், இன்னமும் விசில் இல்லாமல் வெளியே வரமாட்டார். "வருசக்கணக்கா மண்ணு டீசலக் குடிச்சிருக்கு. டீசல் ஊத்துனா எதுவும் ஓடத்தான செய்யும்?"

தெரு முழுக்க, அட ஆமா என்றது. அதோடு எல்லோர் கண்ணும் மேட்டைப் பார்த்துத் திரும்பியது.

தங்கப்பழத்துக்கு வந்ததே கோபம்! சேலையைச் செருகிக்கொண்டு இறங்கி வந்தாள்.

"தெருவைப் பல்லாங்குழியாக்குனது போதும் மேடம். என் டேங்க் எங்கய்யா நின்னு பாத்து எறக்குன டேங்க். அது ஒழுகுதுன்னா மொதல்ல எவ வீடு ஓடணும்? டேங்க்கோட ஒட்டிக் கெடக்கிற என் வீடுல்ல ஓடணும்? அது ஆணியடிச்சாப்புல நிக்குதே, கண்ணு தெரியலையா?"

பர்வீன் அவளையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "அது எனக்கும் புரியலைம்மா" என்றாள். "ஆனா ஐப்பசி மழை வந்துட்டா மண்ணுக்குள்ள இருக்கிறதெல்லாம் கரைஞ்சு நேரா உங்க கிணத்துக்குத்தான் போகும். நான் எழுதிப்போட்டு, மேலேருந்து உத்தரவு வந்து டேங்க்கைத் திறக்கிறதுக்குள்ள மழை முந்திக்கும். நீங்களா திறந்தா நாளைக்கே பாத்துடலாம்."

"என் கிணத்தைப் பத்தி எனக்கே சொல்றீகளா? நான் பொறந்ததும் குளிச்ச தண்ணி அது. எம்மக குளிச்ச தண்ணி. எம்பேரப்பிள்ளைக்கு முதல் குளியும் அதுலதான். போங்க, போயி வேற எவன் ஒழுக விட்டான்னு பாருங்க" என்று விரட்டிவிட்டாள்.

வாய்தான் விரட்டியது. அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சுற்றுவட்டாரத்தில் எங்கே தோண்டினாலும் உப்பு, இந்த ஒரு கிணறுதான் இனிப்பு. அது போனால் தெரு போச்சு. அதைத் தன் டேங்க் குடித்துவிட்டால் மேட்டில் நின்று எந்த முகத்தோடு கீழே பார்ப்பது? அப்படியெல்லாம் இருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனால், அங்கே பொன்மலர் நிறைவயிற்றோடு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை உண்டானதிலிருந்தே அவளுக்கு மண் தின்கிற ஆசை. எத்தனை திட்டினாலும் ஒளித்து வைத்துக் கடித்துக்கொண்டிருப்பாள். இப்போதும் ஒரு கட்டியைத் தோண்டி வாயருகே கொண்டுபோனவள், முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்துத் தூர எறிந்தாள்.

"என்னடி?"

"நாறுதும்மா."

தங்கப்பழம் அந்தக் கட்டியை எடுத்துப் பிட்டாள். உள்ளே சாம்பல் நிறம். முகர்ந்தாள். அவளுக்குத் தெரியாத வாடையா அது? பிறந்ததிலிருந்து அவள் சேலையில், தலைமுடியில், தாலிக்கயிற்றில்கூட இருந்த வாடை. கொல்லையில் அப்படியே உட்கார்ந்து, "அடிப்பாவி, அடிப்பாவி" என்று தன்னையே சொல்லி அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு எழுந்துபோய், பங்க்குக்குக் குறுக்கே கயிற்றைக் கட்டி, பர்வீனுக்குப் போன் போட்டாள். "வாங்க மேடம். தெறந்துருவோம்."

மறுநாள் டேங்க்கில் இருந்ததை லாரியில் இறைத்தார்கள். மேல்மண்ணை அள்ளி, கிரேன் கட்டித் தூக்கி, டேங்க்கைப் புரட்டிப் போட்டார்கள். தெருவே சுற்றி நின்றது. டேங்க்கின் உடம்பில் துருவும் இல்லை, பற்றவைத்த தையல்வாயும் விடவில்லை. ஆனால் அடிவயிற்றில், அளவுகம்பி விடுகிற குழாய்க்கு நேர்கீழே, தகடு தேய்ந்து தேய்ந்து கிண்ணமாகக் குழிந்து, அந்தக் குழியின் நடுவே ஒரு ஓட்டை. கடுகு ஒன்று போய்வரலாம். இது எப்படி என்று பர்வீன் குனிந்து விரலால் தடவிப் பார்த்தாள்.

தங்கப்பழத்துக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. அவள் வலதுகைக்கே தெரிந்தது.

"நான் தட்டுன ஓட்டை" என்றாள். எல்லோருக்கும் கேட்கும்படி இன்னொரு தரம் சொன்னாள். "எங்கய்யாவும் நானும் தட்டுன ஓட்டை. லட்சுமிய எழுப்புறேன் எழுப்புறேன்னு இடிச்சு இடிச்சு அவ மெத்தையக் கிழிச்சிருக்கேன். தெருவுக்குத் தண்ணி குடுக்கிற பூமியில டீசல ஊத்திட்டேன். என்ன செய்யணுமோ செய்யுங்க."

வேலாயுத வாத்தியார்தான் தொண்டையைச் செருமினார். "ஏ தங்கம், இத்தனை வருசமா அந்தச் சத்தத்துலதான் நாங்க கண்ணு முழிச்சோம். எவனாவது ஒருத்தன் மெதுவாத் தட்டுன்னு சொல்லியிருக்கோமா? ஒருநாள் நீ காய்ச்சல்னு தட்டாம விட்டதுக்கு, பிள்ளைக பரீட்சைக்கு லேட்டாயிருச்சுன்னு நான்தான உன்னோட சண்டைக்கு வந்தேன்? எந்திரி. அழுகுறதுக்கு நேரம் இல்ல, மழை வரப்போகுது."

மழைக்கு முன்னால் செய்யவேண்டியதைப் பர்வீன் சொன்னாள். சாம்பல் மண் முழுவதையும் தோண்டி எடுக்க வேண்டும். எடுத்து, கூரைக்கடியில் தார்ப்பாய் விரித்துப் பரப்பி, சாணியும் உமியும் போட்டுக் கிளறிவிட்டுக்கொண்டே இருந்தால், மண்ணிலிருக்கிற கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் டீசலைத் தின்று தீர்த்து மண்ணைத் திருப்பிக் கொடுத்துவிடும். சாணி கலக்குகிறதெல்லாம் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம் என்றார்கள் பெண்கள். "எல்லாம் சரி, ஆனா அந்த மண்ணுக்கு மேல வீடுங்க நிக்குதே" என்று சொல்லும்போது பர்வீனுக்கே குரல் இறங்கிவிட்டது. "இடிக்கச் சொல்ல எனக்கு மனசு வரலை."

"எதுக்கு இடிக்கணும்?" என்றார் முக்காண்டி. "அதுகதான் ஓடுற வண்டியாச்சே."

அன்றைக்கு ஆயுத பூசை. மற்ற ஊர்களில் லாரிக்கும் சைக்கிளுக்கும் பொட்டு வைத்தார்கள். பங்க் தெருவில் வீடுகளுக்கு வைத்தார்கள். நிலைப்படிக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, வாழைக்கன்று கட்டி, முன்மூலை இரண்டிலும் எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, அண்டைக்கல்லை எடுத்தார்கள். முக்காண்டி நடுத்தெருவில் நின்று விசிலை ஊதி, பல வருஷமாக உள்ளே கிடந்த குரலை எடுத்து, "போலாம் ரைட்" என்றார். வாத்தியார் வீடு எலுமிச்சையைப் பிதுக்கிக்கொண்டு கிளம்பியது. அதன் பின்னால் சொர்ணப்பன் வீடு, அதை ஒட்டினாற்போலவே சகலை வீடு, அதன் பின்னால் தையல்காரர் வீடு, ஆடு கட்டியிருந்த வீட்டுக்குப் பின்னால் ஆடு, உலை கொதிக்கிற வீட்டுக்குப் பின்னால் புகை. வரிசையாக மேடேறி, மெயின்ரோட்டைத் தாண்டி, அந்தப் பக்கம் அரசு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலிருந்த புறம்போக்குப் பொட்டலில் போய்ச் சேர்ந்தன. "முன்னால போ, முன்னால போ, பின்னால வர்றவனுக்கு எடம் விடு" என்று முக்காண்டி ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டி நிறுத்தினார். அதோடு அவை குடித்து வைத்திருந்த டீசல் தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு அவை நகரவில்லை.

தங்கப்பழத்தின் வீடு மட்டும் அசையவில்லை. விசில் ஊதினார்கள், எலுமிச்சையை மாற்றினார்கள், பின்பக்கம் கைகொடுத்துத் தள்ளினார்கள். உண்மையைச் சொல்லிவிட்டாளே, இனி போகும் என்றார்கள், போகவில்லை. கோவிலுக்குக் காசு முடிந்துவைத்தாள், போகவில்லை. "வெக்கங்கெட்ட வீடே, ஊரெல்லாம் போகுது, உனக்கென்ன மகாராணின்னு நெனப்பா?" என்று சுவரில் ஓங்கி அறைந்தாள், கைதான் வலித்தது. நாலைந்து நாளில் மற்ற இடமெல்லாம் தோண்டியாகிவிட்டது. ஓட்டையின் வாய்க்கடியில், எல்லாவற்றையும்விட அதிகமாக டீசல் குடித்த மண், அவள் வீட்டுக்கடியில் அப்படியே கிடந்தது. அதை விட்டுவிட்டு மற்றதை எடுத்துப் பிரயோசனமே இல்லை என்று பர்வீன் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

அன்றைக்கு மத்தியானம் தெற்கே வானம் கருக்கல் கட்டியது.

"இடிச்சிருங்க" என்றாள் தங்கப்பழம். "வீடு போனா கட்டிக்கிடலாம். கிணறு போனா?" உள்ளே போய்ச் சாமி படத்தைக் கழற்றினாள், மகளைக் கைத்தாங்கலாக எழுப்பினாள். எழுந்த பொன்மலர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா" என்றாள். ஒரு அம்மாவிலேயே தாய்க்குத் தெரிந்துவிட்டது, வலி கண்டுவிட்டது.

ஆம்புலன்ஸ் வந்தது, வந்து என்ன பிரயோசனம், வீட்டைச் சுற்றி மூன்று பக்கமும் பள்ளம், பங்க் பக்கம் ஸ்ட்ரெச்சர் போகாத ஒத்தை வரப்புத்தானே மிச்சம். பலகை போட்டுத் தூக்கிப் போகலாமா, கட்டிலோடு இறக்கலாமா என்று பள்ளத்தின் இரண்டு கரையிலும் ஆட்கள் கத்திக்கொண்டிருக்கும்போது, யாரும் விசில் ஊதாமலே, யாரும் ரைட் சொல்லாமலே, வீடு மெதுவாக எழுந்த மாதிரி இருந்தது. பள்ளத்தின் ஓரமாகவே, மதில்மேல் பூனை நடக்கிற மாதிரி பாதம் பார்த்துப் பாதம் பார்த்து நகர்ந்து, பங்க்குக்குள் புகுந்து, கட்டியிருந்த கயிற்றை அறுத்துக்கொண்டு மெயின்ரோட்டில் ஏறியது. முக்காண்டி முன்னால் ஓடி, இரண்டு கையையும் விரித்து பஸ்ஸையும் லாரியையும் மறித்தார். "நெறமாசக்காரி உள்ள இருக்கா, ஹாரன் அடிக்காதீக! படியில எவனும் தொத்தாத!" பின்னால் ஆம்புலன்ஸ் விளக்கைப் போட்டுக்கொண்டு துணைக்கு வந்தது. அடுப்படியில் நிரம்ப இருந்த குடம் ஒரு சொட்டுத் தளும்பவில்லை.

உள்ளே மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் சுவரைப் பிடித்திருந்த தங்கப்பழத்துக்கு அப்போதுதான் விளங்கியது. எத்தனை மாசமாக எல்லா வீடும் அங்கேயும் இங்கேயும் ஓடித் தீர்த்துக்கொண்டிருக்க, இது மட்டும் ஒரு முழம்கூட நகராமல் ஏன் நின்றது என்று விளங்கியது. அறைந்த இடத்திலேயே சுவரைத் தடவிக் கொடுத்து, "இதுக்குத்தான் சேத்து வச்சிருந்தியா என் ராசாத்தி, தெரியாம அடிச்சிட்டேனே" என்று தேம்பினாள். வீடு ஆஸ்பத்திரி வாசலில் போய், கதவும் கதவும் நேராக இருக்கும்படி நின்றது. நர்ஸம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நேராக வீட்டுக்குள் காலெடுத்து வைத்தாள்.

மேட்டுக்கு அந்தப் பக்கம் பர்வீன் வானத்தைப் பார்த்துக்கொண்டே நின்று, வீடு காலி செய்துவிட்டுப் போன இடத்தைத் தோண்டவைத்தாள். சாம்பல் மண் போய்ச் செம்மண் வரும்வரை தோண்டினார்கள். கடைசி லோடுக்குத் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருக்கும்போது முதல் தூறல் அவள் கையில் விழுந்தது. அந்தப் பக்கம் குழந்தை பிறந்துவிட்டது, பெண் என்று ஆள் வந்து சொன்னதும் அந்த நேரத்தில்தான்.

மழை அடித்துப் பெய்தது. விடாமல் பெய்தது. பொட்டலில் தெரு புதிதாக நின்றது, யார் வீட்டுக்கு யார் பக்கத்து வீடு என்பது மட்டும் மாறியிருந்தது. டங் சத்தம் இல்லாமல் தினமும் எல்லோரும் பிந்தி எழுந்தார்கள், பால் பிந்தியது, பிள்ளைகள் பள்ளிக்கூட வாசலில் முட்டி போட்டார்கள். தங்கப்பழம் மட்டும் விடியுமுன் எழுந்து, தட்டுவதற்கு ஒன்றும் இல்லாத கையை மடியில் வைத்துக்கொண்டு, பேத்தியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். தொப்புள்கொடி விழுந்து நாலு நாளாகிவிட்டது. முதல் குளி ஆகவில்லை. ஆஸ்பத்திரிக் குழாய்த் தண்ணீரில் குளிப்பாட்டு என்று சொன்னவர்களிடம், கிணற்றுத் தண்ணீர் வரட்டும் என்று சொல்லிவிட்டாள்.

மழை விட்ட ஒரு காலையில், தெரு இன்னும் தூங்கிக்கொண்டிருந்தபோது, பர்வீன் இடுப்பில் குடத்தோடு மேடேறி ரோட்டைத் தாண்டி வந்தாள். சேறு முழங்கால்வரை அப்பியிருந்தது.

"மழைக்கு முந்தி பாத்தேன், மழையிலயும் பாத்தேன், நேத்தும் பாத்தேன்" என்றாள். "நல்ல தண்ணியா இருக்கும்மா. இன்னும் பல வருஷத்துக்கு அப்பப்ப வந்து பாத்துட்டே இருப்பேன். ஆனா இது நல்ல தண்ணி."

தங்கப்பழம் குடத்தை வாங்கி முகர்ந்தாள். ஒரு கை அள்ளி வாயில் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு நாக்கில் வைத்திருந்தாள். பிறகு பர்வீனின் கையைப் பிடித்து, "உள்ள வா தாயி" என்று கூட்டிப்போய், தண்ணீரை வெதுவெதுப்பாகக் காய்ச்சி, காலை நீட்டிப்போட்டு, பேத்தியைக் குப்புறக் கிடத்தினாள். முதல் செம்பைச் சாய்த்துவிட்டு, ஈரமுதுகில் அவளை அறியாமலே அவள் உள்ளங்கை தட்டியது. பூவின் மேல் கைவைக்கிற மாதிரி மெதுவாக மூன்று தட்டு.

குழந்தை ஊரே கேட்கும்படி வீரிட்டு அழுதது.

வரிசையாகக் கதவுகள் திறந்தன. யாரோ பால்சொம்பை எடுத்தார்கள், யாரோ பிள்ளையை உலுக்கி எழுப்பினார்கள். வேலாயுத வாத்தியார் வேட்டியைக் கட்டிக்கொண்டே வாசலுக்கு வந்து, கிழக்கே வெளுப்பதைப் பார்த்து, "எந்திரிங்கப்பா, லட்சுமி முழிச்சிட்டா" என்றார்.